பச்சிலை தெரியாத மலைக்காரி

காய்ந்த கடலைக்கொடி வாசம்... காரிமங்கலத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் எப்போதும் அதுதான்.

பி.காம் முடித்து, அங்கே ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலைக்குச் சேர்ந்த புதிது. சொந்த ஊர் சித்தேரி மலை என்றதும் வீட்டுக்கார சரோஜாக்கா கொஞ்சம் யோசித்தார்.

"மலக்காரங்களா... கூட்டமா ஆளுங்க வந்து தங்க மாட்டாங்களே?"

அதைக் கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். அன்றிலிருந்து தெருவுக்கே நான் 'மலக்காரப் புள்ள'. என் பேர் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பின்பக்கத்துப் போரில் மாட்டுக்குக் கடலைக்கொடி உருவப் போன அக்கா வீட்டுக்காரர் மாதையண்ணனைப் பாம்பு கடித்துவிட்டது. எல்லாரும் ஓடி வந்தது என் கதவுக்கு.

"ஏம் புள்ள, என்ன பச்சிலன்னு சொல்லு. ஆள வுட்டுப் பறிச்சாரச் சொல்றேன்," என்றார் அக்கா.

"எனக்குத் தெரியாதுங்கக்கா. ஜிஎச்சுக்குப் போயிரலாங்க."

"மலையில பொறந்துட்டுத் தெரியாதுங்கற?"

"தெரியும். சொல்ல மனசில்ல," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அண்ணனின் தம்பி முழங்காலுக்கு மேல் கயிறு கட்ட ஆரம்பித்தார். அண்ணனுக்குக் கண் சொருகியது... பக்கத்து வீட்டு வேன் சும்மாவே நின்றது. நான் வாய் திறப்பேன் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்தே ஹாஸ்டலில் வளர்ந்தவள் நான். ஒரு இலையின் பேரும் தெரியாது. காலேஜ் கேம்ப்பில் பாம்புக்கடி பற்றி ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தது மட்டும் ஞாபகம் இருந்தது. நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். மலை சொன்னதாகச் சொன்னால்?

குரலை இறுக்கிக்கொண்டேன்.

"எங்க மலையில கயிறு கட்ட மாட்டாங்க. கடிச்ச கால அசைக்க வுட மாட்டாங்க. ஊசி போட்ட பொறவுதான் பச்சில கேக்கும். முன்னாடி குடுத்தா ஆள் தங்காது."

கயிறு அவிழ்ந்தது. வேன் கிளம்பியது. தர்மபுரி ஜிஎச் போய்ச் சேரும்வரை அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்...

பிழைத்துக்கொண்டார். ஊசிக்கு அப்புறம் பச்சிலை எங்கே என்று கேட்டார்கள். "இனிமே வேண்டாங்க," என்றேன்.

ஆனால் தெருவைப் பொறுத்தவரை காப்பாற்றியது டாக்டர் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலும் என் கதவைத் தட்டினார்கள். முன்னே சந்தேகப்பட்டதும் பிறகு கும்பிட்டதும் 'மலக்காரப் புள்ள' என்ற அந்தப் பேரைத்தான்... என்னை இல்லை.

இப்போது தர்மபுரியில் வீடு, வேலை எல்லாம். எந்த ஊர் என்று கேட்டால் நானே 'தர்மபுரி' என்று சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

போன வாரம் சரோஜாக்கா போன் செய்தார். முட்டிவலிக்குப் பச்சிலை வேண்டுமாம்.

"அக்கா, எனக்கு அன்னைக்கும் ஒண்ணுந் தெரியாதுங்க. நானா சொன்னதுங்க அது."

சிரித்தார். "மலக்காரங்க மருந்த வெளிய சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா புள்ள?"

மறுத்துப் பேச மனசு வரவில்லை... என்னை மலைக்காரி என்று சொல்ல இன்றைக்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்.