கோடு கோணிய கண்

வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் ஆனபோது, எங்கள் தறியில் நெய்த கட்டம் போட்ட லுங்கியில் கோடுகள் வளைந்து தெரிந்தன. குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிறோம். துணியை விரித்துப் பார்த்துப் பழுதானதைக் கழிப்பது என் வேலை. இடது கண்ணிலும் புரை இருந்ததால், புதிதாகத் தெளிந்த வலது கண்ணைத்தான் நம்பினேன். கண்ணைச் சந்தேகப்படவில்லை. தறி ஓட்டியவரைச் சந்தேகப்பட்டேன்.

"கோடு பாம்பாட்டம் ஓடுது. பாவு நூலை இப்படியா கட்டுவீங்க?" என்று எல்லோர் முன்னாலும் துணியை அவர் காலடியில் எறிந்தேன். அவர் அளவுகோலைக் கோட்டின் மேல் வைத்துக் காட்டினார். அளவுகோலும் வளைந்திருந்தது.

"உங்க அளவுகோலும் கோணல்தான்" என்றேன்.

"அப்ப நான் ஊட்டுக்குப் போறனுங்க அக்கா" என்றார். அன்றோடு நின்றுவிட்டார்.

மறுநாள் முகம் கழுவும்போது வலது கண்ணில் சோப்பு பட்டது. அதை மூடிக்கொண்டு பார்த்தால், மங்கலாக இருந்தாலும் கதவு நிலை நேராக நின்றது. இடது கண்ணை மூடி வலதால் பார்த்தேன். நிலை இடுப்பொடிந்து நின்றது.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஓடினேன். "எழுத்தெல்லாம் படிச்சிட்டீங்களேம்மா. கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்றார்.

"ஏனுங்க, எழுத்துப் படிக்கவா வந்தேன்? கோடு வளையுதுங்க."

"லென்ஸ் நல்லா உக்காந்திருக்கு. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

அடுத்த மாதமும் போனேன். அதே பேச்சு. கண்ணின் பின்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

பார்வையின் நடுவில் புகை படர்ந்த பிறகு சேலத்தில் விழித்திரை டாக்டரிடம் போனேன். ஸ்கேனில் விழித்திரையின் நடுப்பகுதி நீர் கோத்து வீங்கியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருமாம். பலருக்குச் சொட்டு மருந்திலேயே வற்றிவிடுமாம். "மொதல்ல சொன்னப்பவே பாத்திருந்தா..." என்று பாதியில் நிறுத்தினார். கண்ணில் ஊசி போட்டார். வீக்கம் வற்றியது. நடுப்பார்வை திரும்பவில்லை.

தறிக்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இப்பயாச்சும் எம் மூஞ்சி நேரா தெரியுதுங்களா?" என்றார். வலது கண்ணில் தெரியவில்லை என்றேன். அவர் வேலைக்குத் திரும்பவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

அந்த முதல் டாக்டரை மட்டும் விடுவதாக இல்லை. திங்கள்கிழமைதோறும் அவர் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்கிறேன். ஆபரேஷன் முடிந்து காட்ட வருகிறவர்களிடம், "மத்த கண்ணை மூடிட்டு அந்தச் சன்னல் கம்பியப் பாருங்க. வளையுதுங்களா?" என்று கேட்கிறேன். நர்ஸ் விரட்டிப் பார்த்தாள். பிறகு டாக்டரே வெளியே வந்தார்.

"என்னதாம்மா வேணும் உங்களுக்கு?"

"எனக்கு என்ற கண்ணு வேணுங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போன வாரம் ஜேடர்பாளையத்துப் பெரியவர் ஒருவர், "ஆமா சாமி, ரெண்டு கம்பி வளையுது" என்றார். கையைப் பிடித்து, வரிசையைத் தாண்டி உள்ளே கூட்டிப்போனேன். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும்வரை மேசையை விட்டு நகரவில்லை. டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். பெரியவர் கண் பிழைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் போவது அதற்காக இல்லை. திங்கள்கிழமை விடிந்தாலே அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரிப் படியேறவே பயம் வர வேண்டும். அதற்காகத்தான்.