அடிக்காத போன்

ஆஸ்பத்திரி வரவேற்பு கவுண்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி பெல்லக்காவுடையது. சொந்தப் பெயர் வேறு. போன் இரண்டாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவார் என்று பழைய ஆபீஸில் வைத்த பட்டப்பெயர், இங்கேயும் கூடவே வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது, குட்டை உருவம், கணீரென்ற குரல். சண்டைக்கு நிற்கும் நோயாளியின் சொந்தக்காரரைக்கூட, "உக்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்று சொல்லியே அடக்கிவிடுவார்.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பங்குத் தரகரின் ஆபீஸில் வேலை. மூன்றாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை, மேஜைமேல் நான்கு போன். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டு இந்தப் பங்கை வாங்குங்கள், அதை விற்றுவிடுங்கள் என்பார்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஒருநாள் ஏதோ தேடப் போய்க் கோப்பைப் பிரித்தவர், கட்டுக்கட்டாகச் சீட்டுகளைப் பார்த்தார். யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பங்கை வாங்கச் சொல்லும் சீட்டுகள். ஒன்றுகூட அவர் கையெழுத்தில் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் பெயரில், ரொட்டிக் கடைக்காரர் பெயரில், கணவனை இழந்த ஒரு நர்ஸ் பெயரில் இருந்தன. அவர்கள் யாரும் கூப்பிடவே இல்லை. அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பணத்தைப் போட்டு அந்தப் பங்கின் விலையை ஏற்றிவிட்டு, ஏறியதும் தன்னிடம் இருந்ததை விற்றுவிட்டுத் தரகர் கழன்றுகொண்டார். அப்புறம் விலை தரைக்கு வந்தது. வாத்தியாருக்கு வீடு போயிற்று. நர்ஸ் ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாராம். அவரைத் தாண்டித்தான் பெல்லக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

ஆபீஸில் இருந்த பதினாறு பேரில் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னது இவர் ஒருவர்தான்.

"அவங்க கூப்பிடலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தரகரின் வக்கீல் மடக்கப் பார்த்தார்.

"போன் அடிச்சா நான்தான் எடுப்பேன். அடிக்கல."

தரகருக்கு நான்கு வருடம் சிறை. பெல்லக்காவுக்கு அந்தத் தொழிலில் எல்லாக் கதவும் சாத்தியாயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் தெருவில் எதிரே வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்கள். இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத்தான் இங்கே சேர்ந்தார்.

போன வருடம் ஒரு உதவி இயக்குநர் அவரைத் தேடி வந்தார். தேன் ஒழுகப் பேசுகிற ஆள். அந்தத் தரகர் வழக்கைப் படமாக எடுக்கிறார்களாம். "நீங்க இல்லாம இந்தப் படமே இல்லக்கா" என்றாராம். ஆறு நாள் வேலை முடிந்து போய், பெல்லக்கா அவருக்கு எல்லாம் சொன்னார். சீட்டின் நிறம், படிக்கட்டில் நர்ஸ் உட்கார்ந்த இடம், எல்லாம். அந்தக் காலத்தில் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியையும் மேஜைக் கடிகாரத்தையும் இரவல் கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. போகிற கட்டடத்தில் எல்லாம், "எங்க வீட்டம்மா கதைதான் சினிமாவா வருது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். எனக்கு அன்று விடுமுறை, நானும் தொற்றிக்கொண்டேன். ஒரு பழைய கிடங்குக்குள் அந்த ஆபீஸை அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். நான்கு போன், சுவரில் ஈரக் கறை, ஒரு கால் ஆடும் நாற்காலி. பெல்லக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு "ஆக்‌ஷன்" என்றார்கள். ஒரு இளம் நடிகை வந்து தரகரின் மேஜை விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். மூக்கில் பெல்லக்காவின் கண்ணாடி. தரகராக நடிக்கும் கதாநாயகன் அதை மெல்லக் கழற்றி, மடித்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் கழுத்தருகே குனிந்தான்.

"யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று பெல்லக்கா கேட்டார்.

"நீங்கதாங்க்கா" என்றார் உதவி இயக்குநர், பல் தெரிய.

பெல்லக்கா நேராக இயக்குநரிடம் போனார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "நாலு போனை எடுத்துப் பேசுற பொம்பளைய ரெண்டரை மணி நேரம் யாரும்மா பாப்பாங்க? அவ ஏன் காட்டிக் குடுத்தான்னு ஒரு காரணம் வேணும்ல. அவர் வேற ஒருத்திகூடப் போயிடறாரு. இவளுக்கு வெறி வந்துடுது. கோர்ட்டுக்குப் போறா. ஜனங்களுக்கு டக்குனு புரியும்."

"வாத்தியாருக்கு வீடு போச்சே சார். அது காரணம் இல்லையா?"

"அது சோகம்மா. காரணம் இல்ல."

இயக்குநருக்கு அடுத்த நாற்காலியில் தலைக்குச் சாயம் பூசிய ஒரு ஆள் முள்கரண்டியால் பழத்துண்டுகளைக் குத்தித் தின்றுகொண்டிருந்தார். திரும்பினார். சிறையிலிருந்து வெளியே வந்துவிட்ட அந்தத் தரகரேதான். படத்துக்கு ஆலோசகராம், சம்பளத்தோடு.

"என்ன பெல்லு, இளைச்சுட்டியே? கோவம் இன்னும் போகலையா?" என்றார். பிறகு இயக்குநர் பக்கம் சாய்ந்து, "நான்தான் சொன்னேனே, இவளுக்கு அப்பவே என்மேல ஒரு இது" என்று சிரித்தார். உதட்டோரம் பழச்சாறு வழிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கதாநாயகன் அந்தச் சிரிப்பை உற்றுப் பார்த்து, தானும் ஒருமுறை அதேபோல் சிரித்துப் பழகினான்.

பெல்லக்கா கதாநாயகன் முன்னால் போய்க் கையை நீட்டினார். "என் கண்ணாடி."

அவன் வேடிக்கை என்று நினைத்தான். பெல்லக்கா அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்தார். மேஜையிலிருந்த கடிகாரத்தையும் எடுத்துக் கைப்பையில் போட்டார். "ஐயோ, பாதி சீன் எடுத்தாச்சு! கன்டினியூட்டி போச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்ததும் சுவரோரம் காறித் துப்பிவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவர் வாயிலிருந்து நான் அப்படிக் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. சாயங்காலமே உதவி இயக்குநர் போன் செய்தார். "கோச்சுக்காதீங்கக்கா. ரெண்டு மணிக்கே அதே மாதிரி கண்ணாடி கிடைச்சிடுச்சு. ஷூட்டிங் நல்லபடியா முடிஞ்சது." ஏதோ இவர் அதற்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததுபோல. வக்கீலைப் பார்த்தோம். படத்தில் அவர் பெயரே சொல்லாதபோது வழக்கு நிற்காது என்று கையை விரித்துவிட்டார்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. நான் போய்ப் பார்த்தேன். ஆரம்பத்தில் நன்றி அட்டையில் முதல் பெயரே தரகருடையது. கண்ணாடியைக் கழற்றும் காட்சிக்கு விசில் பறந்தது. அவள் சாட்சிக் கூண்டில் ஏறியபோது எனக்குப் பின்னால் இருந்தவன், "கழட்டி விட்டுட்டான்ல, அதான் எரியுது" என்றான். வாத்தியார் ஒரு நிமிடம் வந்துபோனார். நர்ஸ் வரவேயில்லை. பேருந்து நிறுத்தத்தில் கதாநாயகனின் சிரிப்பு ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. கவுண்டருக்கு வருகிறவர்கள் பெல்லக்காவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். லேப் ஆள் ஒருவன் அவரைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றுவதுபோல் ஜாடை காட்டினான். நான் மேலிடத்துக்குப் புகார் எழுதிக்கொடுத்தேன். "சினிமாதானே, விடும்மா" என்றார்கள்.

பெல்லக்கா எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக்காரர் கேட்டாராம். கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "சும்மாதான் கேக்கறேன். அப்படி ஒண்ணும் இல்லல்ல?"

"இருபத்தி நாலு வருஷம் கூடவே இருந்தும் உங்களுக்குத் தெரியல. நூத்தம்பது ரூபா டிக்கெட் வாங்கித் தெரிஞ்சுக்கிட்டீங்களா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கெட்டவர் இல்லை. வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருக்கிறார்கள். கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அவர்தானே. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டார், அழவும் அழுதார். மன்னித்துவிட்டதாகத்தான் பெல்லக்கா சொல்கிறார். இருவரும் பழையபடி பேசிக்கொள்கிறார்கள், சேர்ந்து கடைக்குப் போகிறார்கள்.

போன வாரம் கூட்டம் இல்லாத நேரத்தில், பெல்லக்கா தாமாகவே சொன்னார். "அந்த ஆளு பதினோரு வருஷத்துல என் விரல் நுனியைக்கூடத் தொட்டதில்ல. இவரு கேட்டாரே, அன்னிக்குத்தான் தொட்ட மாதிரி இருந்துச்சு. சீ."

கையில் சீட்டோடு ஒருவர் வந்து எக்ஸ்ரே அறை எங்கே என்று கேட்டார்.

"நேரா போய் இடது பக்கம் திரும்புங்க" என்றார் பெல்லக்கா.