இன்னொருவர் பெயரில் ஓடிய வண்டி

முப்பத்தைந்து வருடமாகக் காரைக்குடியைச் சுற்றித் தண்ணீர் மோட்டார் கழற்றி மாட்டுகிறேன். இந்தத் தொழிலில் கை சுடும், முதுகு ஒடியும், ஆனால் ஆளைக் கவிழ்ப்பது மோட்டார் இல்லை, மோட்டார் வைத்திருக்கிற ஆள். என்னை முதலில் கவிழ்த்தவர் சொக்கலிங்கம். அவருக்குப் பிறகும் ஆட்கள் உண்டு. அவர்களை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், வரிசையில் நிற்க வைத்திருக்கிறேன். முதல் ஆள் அவர்தான்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, காலையில் அதை உதைத்து உதைத்து, சட்டை நனைந்து, தெருவே வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எனக்குச் சொந்தம்.

காபி ஆறுவதற்குள்

சொக்கலிங்கத்தின் வீட்டுக்குப் போர்வெல் மோட்டார் பார்க்கப் போயிருந்தேன். பின்கட்டில், கார் நிறுத்துகிற கொட்டகையில், தார்ப்பாய்க்குள் அந்த வண்டி நின்றது. பழைய மாடல், ஒற்றைச் சிலிண்டர், உருண்டை விளக்கு, கறுப்பு டேங்க். அவருடைய அப்பா முத்துக்கருப்பன் ஓட்டியது. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. என் பெயரில் ஒரு பொருளும் கிடையாது. வீடு அரசாங்கம் கொடுத்தது, அதை என் மனைவி பஞ்சவர்ணம் பெயரில்தான் கொடுத்தார்கள். சமையல் கேஸ் இணைப்பும் அவள் பெயர். அப்பாவின் காணி அண்ணன் பெயருக்குப் போனது எப்படி என்பது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். நான் ஓட்டிக்கொண்டிருந்த சின்ன பைக் மகன் பெயர். சாவதற்குள் ஒரு சாமானிலாவது, உரிமையாளர் சேவுகன் என்று அரசாங்க முத்திரையோடு பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அதுவும் இந்த மாதிரி வண்டியில்.

"ஒரே உதைண்ணே, எந்திரிச்சுரும்" என்றார் சொக்கலிங்கம். ஒன்பதாவது உதையில் எழுந்தது. கொட்டகைத் தகரமெல்லாம் ஆடியது. மகனின் பைக்கை அவனிடம் கேட்டு விற்று, அதற்கு மேல் கையில் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் முத்துக்கருப்பன் என்று இருந்தது. பெயர் மாற்ற வாரிசு கையெழுத்து வேண்டுமே என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன், அதை யாரும் மறுக்க முடியாது. சொக்கலிங்கம் சிரித்தார்.

"கையெழுத்துத்தானேண்ணே? இந்தக் காபி ஆறுறதுக்குள்ள போட்டுத் தந்துர்றேன், குடிங்க."

வலது கால்

அந்தக் காலத்து வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. என் காலுக்கு இருபது வருடமாக வேறு பாடம். விற்கிறவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

மானகிரியில் ஒரு தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. வலது காலை ஓங்கி அழுத்தினேன். பிரேக் எங்கே பிடிக்கும், கியர்தான் மாறியது. ஆடு தப்பித்துக்கொண்டது. நானும் வண்டியும் கருவேல முள் அடைப்பைப் பிய்த்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்துக்கார அம்மா என்னை வாழை மரத்தடியில் உட்கார வைத்து முதுகில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசி முள்ளைத் தூரப் போட்டுவிட்டுத்தான் கேட்டார்.

"ஏண்ணே, அங்குட்டு வாசல் ஒண்ணு இருக்குதே, அது வழியா வந்தா கொறஞ்சா போயிருவீக?"

திருப்பத்தூரில் எனக்குப் போட்ட நாற்காலி

திருப்பத்தூர் பக்கத்தில் ஒரு விவசாயி, நல்ல வசதி. வண்டிச் சத்தம் எனக்கு முன்னாலேயே வரப்புக்குப் போய்விட்டது. நான் போய் நிறுத்தும்போது வேலை பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து, துண்டால் துடைத்துப் போட்டார். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் நாற்காலியைத் துடைத்ததில்லை. உட்கார்ந்தேன். தப்பு அங்கேதான். இளநீர் வந்தது. குடித்தேன்.

"எந்த ஆபீஸ்லேருந்து வாரீக?" என்று விவசாயி பணிவாகக் கேட்டார். மோட்டார் பார்க்க வந்த சேவுகன் என்றேன். நாற்காலி துடைத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மூன்று மணி நேரம் கிணற்றுக்குள் தொங்கி, குழாயின் அடி முனையில் மண் அடைத்திருந்த ஃபுட்வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். கூலி வழக்கமாக வாங்குவதில் பாதிதான் வந்தது. மீதியைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய வண்டியில வர்ற ஆளு, கூலிக்காரன் மாதிரி நின்னு கேக்குறீகளே, நல்லாவா இருக்கு?"

அன்வர் பாய்

அன்வர் பாய் சவுதியில் பன்னிரண்டு வருடம் ஜெனரேட்டர் பார்த்துவிட்டு வந்து, காரைக்குடியில் பழைய வண்டிகளுக்கென்று பட்டறை வைத்திருப்பவர். அவரிடம் நான் போன நாட்களைக் கணக்கிட்டால் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனதைவிட அதிகம் வரும். இந்த வண்டியை உதைக்க ஒரு முறை உண்டு என்று முதல் நாளே சொன்னார். கிக்கரை மெதுவாக அமுக்கி, டேங்குக்கு முன்னால் கரண்டைக் காட்டுகிற அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பொறுத்து, அதற்குப் பிறகுதான் ஓங்கி உதைக்க வேண்டும். பொறுக்காமல் உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும்.

சித்திரை மாதம். ஊரெல்லாம் மோட்டார் புகைந்துகொண்டிருந்தது, அன்று மட்டும் நாலு வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். முள்ளைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? உதைத்தேன். திருப்பி உதைத்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல், நாற்பது நாள் மாவுக்கட்டு. வருடத்தில் எனக்கு வேலை இருப்பதே அந்த நாற்பது நாள்தான். சொக்கலிங்கம் வந்து பார்க்கவில்லை. ஒரு சீப்புப் பழம் கொடுத்தனுப்பினார், அதில் மூன்று அழுகல். அன்வர் பாய் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து கட்டைத் தட்டிப் பார்த்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஒதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நின்னு கேக்கணும்ணே. நீங்க வண்டிய மட்டுமில்ல, யாரையுமே கேக்குறதில்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் எடுக்க முடியாது. என் வண்டிக்கு அந்தத் தேதி வர மூன்று மாதம் இருந்தது. வாங்கி இரண்டு வருடம் ஆகியும் பெயர் மாறவில்லை. சொக்கலிங்கத்திடம் பதினாறு முறை கேட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் அவர் கையெழுத்தை மட்டும் போட்டு ஒரு படிவத்தையும், ஒட்டிய உறையில் வாரிசுச் சான்றிதழையும் கொடுத்தார். உறையைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா வாரிசுச் சான்றிதழைப் பார்த்தார். முத்துக்கருப்பனின் மனைவி முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு கையெழுத்துத்தான் இருக்கிறது, மகள் உமையாள் கையெழுத்து எங்கே என்று கேட்டார். மகள் ஒருவர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பெயர் மாறாது, பெயர் மாறாமல் இறந்தவர் வண்டியைப் புதுப்பிக்கவும் முடியாது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"பெரியவரே, செத்தவங்களால இங்க ஒரு கஷ்டமும் வர்றதில்ல. உயிரோட இருக்கிற ரெண்டு பேர ஒண்ணாக் கூட்டிட்டு வாங்க, அதுதான் பெரிய பாடு."

உமையாள் ஆச்சி

உமையாள் ஆச்சி இருப்பது தேவகோட்டையில். அண்ணனும் தங்கையும் பேசி மூன்று வருடம் ஆகிறதாம். சொக்கலிங்கம் என்னிடம் மறைத்தது இதைத்தான்.

வண்டியை நிறுத்துவதற்குள் ஆச்சி கதவைத் திறந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் வந்து, பக்கத்தில் இருக்கிற டூல்ஸ் பெட்டி மூடியை விரலால் தடவினார். நகரத்தார் வீடுகளில் அண்டாவிலிருந்து கரண்டி வரை எதை வாங்கினாலும் சொந்தக்காரர் பெயரின் எழுத்தை வெட்டி வைப்பார்கள். முத்துக்கருப்பன் வண்டியையும் விடவில்லை, அந்த மூடியில் 'சா.மு.' என்று வெட்டியிருந்தார். வாங்கிய வாரமே நான் பெயின்டரிடம் அதன் மேல் மக்குப் பசை வைத்து மூடச் சொல்லி, மஞ்சள் பெயின்டில் 'சேவுகன்' என்று எழுத வைத்திருந்தேன்.

"அப்பச்சி எழுத்து எங்க?" என்றார். அவர்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உள்ளதான் இருக்கு ஆச்சி. மக்குக்குக் கீழ."

"எங்க அண்ணன் வீட்டுச் சாமானையெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. கடைக்காரரு பேர ராவிட்டு விக்கிறாரு. நீங்க அதுக்கும் மேல போயி உங்க பேரயே எழுதிட்டீக."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நல்ல காபி, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, அப்பா பெயர் இருக்கிற பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் படிவத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "எங்க அண்ணன் இங்க வந்து கேக்கட்டும். கேட்ட நிமிசமே போடுறேன்."

"உங்க சண்டைக்கு நான் என்ன செய்வேன் ஆச்சி? நான் காசு குடுத்து வாங்குனவன்" என்றேன். என் குரல் ஏறிவிட்டது. அவர் குரல் ஏறவில்லை.

"நீங்க வண்டியத்தான வாங்குனீக. பேர யாரு வித்தா?"

கடைசி நாள்

வீட்டுக்கு வந்து, மூடியில் இருந்த மக்கைக் கத்தியால் சுரண்டினேன். எழுத்து இரண்டும் தெரிந்தன, அப்படியே விட்டுவிட்டேன். நான் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கையெழுத்துக்கு உதவும் என்றுதான்.

சொக்கலிங்கம் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று மூன்று மாதத்தையும் தின்றார். பதிவு முடிகிற கடைசி நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். "என்னண்ணே, காலங்காத்தால?" என்று வந்தார். "ஏறுங்க, தேவகோட்டைக்கு" என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி, "போயிட்டுத்தான் வாங்களேன். ஒங்க தங்கச்சிதான, கடிச்சா வைக்கப் போகுது?" என்றார். வேறு வழியில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார்.

ஒரே உதையில் வண்டி எழுந்தது. இரண்டேகால் வருடத்தில் அதுதான் முதல் முறை. ரோடு காலியாக இருந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. சாயங்காலத்துக்குள் கையெழுத்தோடு ஆபீஸில் நிற்கலாம் என்று மனதுக்குள் நேரத்தைப் பிரித்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் இருந்து சொக்கலிங்கம் பேசினார். "சின்னப்புள்ளையில எங்க ரெண்டு பேரையும் இந்த டேங்குலதான் ஒக்கார வைப்பாருண்ணே அப்பச்சி. அவ எனக்கு முன்னாடி ஒக்காருவா. விழுந்துருவான்னு நான் புடிச்சுக்குவேன்." பேச்சுக் கொடுத்தால் காரியம் கெட்டுவிடும் என்று கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன்.

பாதி வழியில், "கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றார். நிறுத்தினேன். அணைத்தால் மறுபடி எழுமோ எழாதோ என்று எஞ்சினை ஓடவிட்டபடியே நின்றேன். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கப் புதருக்குப் போனார். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் போகிற பஸ் வந்து, நின்று, கிளம்பியது. அதற்குப் பிறகு அங்கே புதர் மட்டும்தான் இருந்தது. பஸ் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது.

"கோவிச்சுக்காதீக சேவுகண்ணே! போன்ல பேசிக்குவோம்!"

இன்றைக்கு வண்டி பதிவு முடிந்து என் வாசலில் முத்துக்கருப்பன் பெயரில் நிற்கிறது, நான் ஸ்பேனர் பையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறேன், போன் வரவில்லை. தேவகோட்டைக்கு வர வேண்டிய தூரத்தில் பாதியை வந்துவிட்டதாகக் கழித்துக்கொண்டாலும் மீதிப் பாதித் தூரத்தைச் சொக்கலிங்கம் எனக்கு இன்னும் தரவேண்டும்.