நடைச் சுவரில் ஏழு கோடுகள்

எங்கள் வீட்டுத் தளம் மறுபடியும் ஒழுகத் தொடங்கியிருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் அப்பா சென்ற வாரம் தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, "நம்பிக்கையான ஆளா ஒருத்தரப் பாரும்மா" என்றார். நம்பிக்கையான ஆளைத் தேடும் வேலையை அந்த வீடு ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்திருக்கிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

புதுச்சேரி நகரில், பெரிய மார்க்கெட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது எங்கள் வீடு. மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய பழைய தளம். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு பருத்த சுவர். கூடத்தின் ஏழு உத்திரங்களும் ஒரு முனையை அந்தச் சுவருக்குள் நுழைத்து ஊன்றிக்கொண்டிருந்தன. அத்தைக்குப் பிரான்சில் பிறந்து வளர்ந்த ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆகஸ்ட் மாதம்தான் விடுமுறை. அதை அத்தை அதற்குள்ளாகவே 'வக்கான்ஸ்' என்று சொல்லப் பழகியிருந்தாள். மாதா திருநாள் முடிந்த வாரத்தில் கலியாணம். வருகிறவர்கள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். ஆகவே நடுச்சுவரை எடுத்துக் கூடத்தைப் பெரிதாக்குவது என்றும், பின்னால் புதிதாக ஒரு குளியலறை கட்டுவது என்றும் மே மாதத்தில் முடிவாயிற்று.

முதலில் வந்தவர் அரியாங்குப்பத்து மேஸ்திரி. வயதானவர், சைக்கிளில் வந்தார். அப்பாவைப் பிரெஞ்சுக்காரர் கால மரியாதையில் 'முசே' என்று அழைக்கிற தலைமுறையில் மிஞ்சியிருந்தவர். ஏணி போட்டு ஏறி, ஒவ்வோர் உத்திரத்தின் முனையையும் சுத்தியல் பிடியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கடைசி இரண்டுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போனார். இறங்கி வந்து, கொல்லையில் கிடந்த செங்கல் துண்டொன்றை எடுத்துக்கொண்டு, தெருக்கதவுக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த நடைக்குப் போனார். அங்கே வெள்ளையடித்த சுவரில் ஏழு நீளக் கோடுகள் இழுத்தார். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் ஒரு வட்டம். ஆறாவது, ஏழாவது கோடுகளின் மேல் பெருக்கல் குறி.

"ஏழு உத்தரம், ஏழு முட்டு. முட்டு குடுத்துட்டுத்தான் சொவுத்துல கை வைக்கணும், முசே. இந்த ரெண்டும் உள்ள கரையான் தின்னுட்டுது. பெயிண்டுதான் நிக்குது, கட்ட இல்ல. ஆளுங்க உள்ள இருக்கக் கூடாது. நாலு மாசம் வேற வூடு பாத்துக்குங்க."

காகிதத்தில் எழுதித் தரக் கூடாதா என்று அப்பா கேட்டார்.

"தாளு தொலஞ்சிடும் முசே. சொவுரு எங்க போவும்?"

அவர் போன பிறகு வீட்டில் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. வெள்ளைச் சுவரை அழுக்காக்கிவிட்டார் என்பது அம்மாவின் குறை. கலியாணம் நடக்கவிருக்கிற வீட்டில் சிலுவைப்பாதை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார் என்றாள் அத்தை. அப்பா நாட்காட்டியைப் பார்த்தார். நான்கு மாதம் என்றால் செப்டம்பர். வருகிறவர்கள் செப்டம்பருக்குள் திரும்பிப் போயிருப்பார்கள்.

அப்பா அவசரக்காரர் அல்லர். மின்விசிறி வாங்குவதற்கே நான்கு பேரை விசாரிப்பவர். ஒப்பந்தக்காரர் விஷயத்திலும் அப்படித்தான் விசாரித்தார். கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களிடம் கேட்டார், அலுவலகத்தில் கேட்டார். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் நிற்பவர். அவர் செய்துகொடுத்த வீடுகளைப் பார்க்க அப்பா என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். போன இடத்திலெல்லாம் அப்பா கேட்ட கேள்வி ஒன்றே: சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்தாரா? எல்லா இடத்திலும் ஆமாம் என்றார்கள். ஒரு வீட்டு அம்மாள், புது அறையின் கதவு தரையில் உரசி நின்றபோது, முழங்காலால் ஒரு நெம்பு நெம்பித் தள்ளிக்கொண்டே, "ஒரு நாள் கூட லேட் பண்ணல சார்" என்று புகழ்ந்தார். அப்பா நிம்மதியாகத் தலையசைத்தார். சொன்ன தேதிக்கு முடிப்பவரே நம்பிக்கையானவர் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டா என்று யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த ஒப்பந்தக்காரர் வந்த அன்று நடையில் நின்று சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார் இது, உங்க பொண்ணு வரஞ்சதா?"

அப்பா ஒரு நொடி தயங்கிவிட்டுத் தாமும் சிரித்தார். எனக்குக் கோபம். சுவரில் கிறுக்குகிற வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன்.

ஜூன் இறுதியில் வேலை தொடங்கியது. நாங்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்பது அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று. இரண்டு கொத்தனார்கள், அவர்களுக்குக் கல்லும் கலவையும் சுமந்து கொடுக்க ஒரு பெண். அவர் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலைப் பேருந்தில் வருவார். சோற்றுத் தூக்கை ஒரு துணிப்பையில் போட்டு எங்கள் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, தலையில் சும்மாடு சுற்றிக்கொள்வார். பள்ளியிலிருந்து நான் வந்ததும் வம்பிழுப்பார்.

"வந்துட்டாங்க பாரு கலெக்டரம்மா! இன்னிக்கி எத்தினி அடி வாங்கின?"

"எங்க மிஸ் அடிக்க மாட்டாங்க."

"எங்க வூட்லயும் உன்ன மாரி ஒண்ணு இருக்குது. வாயி மட்டும் காலாப்பட்டு வரைக்கும் போவும்."

கொத்தனார்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அம்மா எவர்சில்வர் டம்ளரில் தேநீர் கொடுப்பாள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் குவளை. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் குவளை ஒருநாளும் மாறியதில்லை. அவருடைய பெயரை யாரும் சொல்லியும் நான் கேட்டதில்லை.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை முட்டுக் கொடுக்கும் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. நான்கு. அப்பா அவற்றைப் பார்த்தார். பிறகு நடைக்குப் போய்ச் சிறிது நேரம் சுவரின் முன் நின்றார். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"ஏழு வேணும்னு அந்த மேஸ்திரி சொன்னாரே."

"மீதி மூணு வேற சைட்டுல நிக்குது சார். திங்கக்கெழம கழட்டியாந்துடுறேன். அதுவரைக்கும் முட்டு நிக்கிற பக்கமா இடிச்சிக்கினு வரட்டும்."

"அந்தக் கடைசி ரெண்டுலதான் கரையான்னு..."

"சார், நூறு வருசமா நின்ன கட்ட. ரெண்டு நாளு நிக்காதா? தேதி வேணுமா, வேணாவா, அத மட்டும் சொல்லுங்க."

அப்பா சொல்லவில்லை. "பாத்து செய்ங்க" என்று மட்டும் கூறிவிட்டு உள்ளே வந்துவிட்டார். ஒரு வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் அப்படிச் சொல்வது அனுமதிதான் என்பதை நான் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. காலை பதினொரு மணிக்குள் முட்டு இருந்த பகுதிச் சுவர் முழுவதும் இடிந்து முடிந்துவிட்டது. அரைநாள் கூலி மிச்சமிருக்கும்போது ஆட்கள் சும்மா உட்கார வேண்டாமென்று மீதிச் சுவரிலும் கைவைத்தார்கள். யார் சொல்லிக் கைவைத்தார்கள் என்பதற்குப் பிற்பாடு மூன்று விதமான பதில்கள் கிடைத்தன. நான் கொல்லையில் கோழிக்கு நொய் தூவிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. அரிசி மூட்டையை வண்டியிலிருந்து இறக்கிப் போட்டது போல் இரண்டு முறை கேட்டது. பிறகு சுண்ணாம்புத் தூசி கொல்லைவரை வந்தது. கொத்தனார்கள் இருவரும் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். செங்கல் அள்ளிய சட்டியைத் தூக்கக் குனிந்திருந்த அந்தப் பெண் வரவில்லை.

அவரைத் தோண்டியெடுத்து ஆட்டோவில் ஏற்றியபோது அம்மா என் முகத்தைத் தன் புடவைக்குள் அழுத்திக்கொண்டாள். அவருடைய ஒரு கையை மட்டும் பார்த்தேன். வெள்ளையடித்தது போல் இருந்தது. துணிப்பை சன்னல் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒப்பந்தக்காரர் மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்தார். அவரும் அப்பாவும் தெருவில் நின்று நெடுநேரம் மெல்லிய குரலில் பேசினார்கள். பிற்பகலில் ஒரு காவலர் வந்தார். சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு உத்திரங்களும் தளத்தோடு விழுந்து கிடந்த இடிபாட்டைப் பார்த்து, கேட்டுக் கேட்டு எழுதினார். அப்போதுதான் அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை என்று தெரிந்துகொண்டேன். இப்படி நடக்கக்கூடும் என்று முன்பே யாராவது எச்சரித்தார்களா என்று காவலர் கேட்டார். இல்லை என்றார் ஒப்பந்தக்காரர். இல்லை என்றார் அப்பா.

அப்பாவுக்கு மறந்துவிட்டது என்றே நினைத்தேன். அன்று எல்லோரும் பதற்றத்தில் இருந்தார்கள்.

திரும்பிப் போகையில் காவலர் நடையில் நின்றார்.

"இது இன்னா சார்?"

"பாப்பா கிறுக்குனது" என்றார் அப்பா.

காவலர் என் பக்கம் திரும்பினார். "நீயா வரஞ்ச?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதற்குள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். என் அப்பா என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. கெஞ்சினால் அவர் முகம் எப்படி மாறும் என்று அன்றுதான் கண்டேன். யாரோ ஒரு கிழவர் சுவரை அழுக்காக்க விட்டதற்காகக் காவலர் அவரைத் திட்டிவிடுவார் போலும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. நான் செய்ததாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. குழந்தைகள் சுவரில் கிறுக்குவது வழக்கம்தானே.

"ஆமா" என்றேன்.

"நல்லா கோடு போடுறியே! நீ இன்ஜினியராத்தான் ஆவப்போற" என்று என் தலையைத் தட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

அப்பா வாளியில் நீரும் ஒரு துண்டுத் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். "அழிச்சிடு கண்ணு." நாற்காலி போட்டு ஏறித் தேய்த்தேன். செங்கல் நிறம் நீரோடு கரைந்து முழங்கைவரை வழிந்தது. ஒவ்வொரு கோடாகப் போயிற்று. அப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு. முழுவதையும் நானே செய்கிறேன் என்று அத்தையைக்கூட அண்ட விடவில்லை.

அஞ்சலை மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார். எதிர்பாராத விபத்து என்று எழுதி வழக்கை முடித்தார்கள். எதிர்பார்த்து, இத்தனை கோடு, இத்தனை வட்டம் என்று ஒருவர் வரைந்து காட்டியிருந்த இடம் அப்போது ஈரம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அரியாங்குப்பத்து மேஸ்திரியை யாரும் தேடிப்போகவில்லை. அப்படி ஒருவர் வந்தார் என்பதே எந்தத் தாளிலும் இல்லை. மீதி மூன்று குழாய்களும் சொன்னபடி திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. ஆகஸ்டில் கலியாணம் நடந்தது. பெரிய கூடத்தை எல்லோரும் பாராட்டினார்கள்.

அதற்கு முன்பு, ஜூலை முடிவதற்குள், அஞ்சலையின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உடன் என் வயதில் அவர் மகள். தூக்கையும் செருப்பையும் வாங்கிப்போக வந்திருந்தார்கள். அம்மா தூக்கைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். உள்ளே கூப்பிட்டும் அவர் வரவில்லை, தெருப்படியிலேயே நின்றார்.

"முன்னாடியே யாரும் ஒண்ணும் சொல்லலியா சார்?" என்று அப்பாவிடம் கேட்டார். சண்டைக்குக் கேட்டதுபோல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"யாருக்குய்யா தெரியும்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

அந்தச் சிறுமி மட்டும் நடைக்குள் வந்து சுவரோரம் நின்றாள். காலாப்பட்டு வரைக்கும் போகும் வாய் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். ஆனால் அவள் பேசவில்லை. சுண்ணாம்பு செங்கல் நிறத்தை முழுதாக விடுவதில்லை. உற்றுப் பார்த்தால் கோடுகள் இலேசாகத் தெரியும். அவள் உற்றுப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனாள்.

"இது யாரு வரஞ்சது?"

"நான்தான்" என்றேன். இந்த முறை யாரும் என்னைக் கெஞ்சவில்லை.

அவள் விரல் ஆறாவது கோட்டில், பெருக்கல் குறியின் மேல் வந்து நின்றது.

"இது எதுக்கு?"

"அது சும்மா."

அவள் நம்பிவிட்டாள். அந்தக் குறி எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேஸ்திரி சொன்னபோது நான் அருகில்தான் நின்றிருந்தேன். அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவள் அவள்தான் என்பது மட்டும் அன்று எனக்குத் தெரியவில்லை.