ராஜவேலு கை வைத்த போன்கள்

ஓரிக்கை கல்யாண மண்டபத்தில் ராஜவேலுவுக்குச் சம்பளம் ஜெனரேட்டர் ஓட்டுவதற்கு மட்டும்தான். ஆனால் அங்கே அவர் கை படாத பொருள் கிடையாது. மைக் கரகரத்தால் அவர்தான், கிரைண்டர் நின்றால் அவர்தான், மணமகள் அறைக் கதவு உள்ளே தாழ் விழுந்து மாட்டிக்கொண்டால் அதற்கும் அவர்தான். கூப்பிடாவிட்டாலும் வருவார். ஐம்பத்து நாலு வயதாகியும் சும்மா உட்காருவது மட்டும் அவருக்குக் கைவரவில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனை அண்ணாந்து பார்த்து, "சவுண்டு சரியில்லியே" என்பார். மண்டப மேனேஜர் உடனே போய் ஏணியை ஒளித்து வைப்பார்.

ராஜவேலு போனில் கை வைத்தது தை மாதம். செய்தி படிக்கத் திறந்தால் முழங்கால் தைலம், ராசிபலன் பார்க்கத் திறந்தால் வீட்டு மனை என்று விளம்பரங்கள் குறுக்கே வந்து விழுந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வீடியோவில் யாரோ வழி சொன்னார்கள். செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே இந்த முகவரியை அடித்தால் விளம்பரம் வராது. எந்த நாட்டிலோ யாரோ இலவசமாக நடத்தும் முகவரி. ராஜவேலு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு புள்ளி விடாமல் அடித்தார். முக்கால்வாசி விளம்பரம் நின்றுபோனது.

அத்தோடு அவரும் நின்றிருக்கலாம். "கொண்டாப்பா, ஒரு நிமிசம்" என்று சமையல் மாஸ்டர் கலியனின் போனை வாங்கிப் போட்டார். பூ கட்டும் பூவம்மாளுக்குப் போட்டார். போட்டோ எடுக்கும் வசந்த், பந்தல்காரர், நாதஸ்வரக்காரர், தவில்காரர் எல்லாருக்கும் போட்டார். வீட்டில் மனைவி செல்லியம்மாளுக்கும் போட்டார். போட்ட கையோடு மறந்தும் போனார்.

சித்திரையில் ஒரு முகூர்த்த நாள். காலை ஆறரைக்குக் கலியன் கரண்டியோடு ஜெனரேட்டர் அறைக்கு வந்தார்.

"ராஜவேலு, நெட்டே வரலப்பா. பால்காரன் லொகேஷன் கேட்டுக்கினு இருக்கான்."

"போன் பண்ணி வாயால வழி சொல்லேன்."

"பேச்சு நல்லா கேக்குது. நெட்டுதான் இல்ல."

ராஜவேலு தன் போனைப் பார்த்தார். அதிலும் இல்லை. அவ்வளவுதான், மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தார். அணைத்துத் திறந்தார். சிம்மைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்து, ஊதிப் போட்டார். மொட்டை மாடியில் ஏறி நான்கு திசைக்கும் நீட்டிப் பார்த்தார். கடைசியில் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தார்.

"வைஃபைல வருதுங்களா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

மண்டபத்து வைஃபையில் போட்டுப் பார்த்தார். "அதுலயும் வரலம்மா."

"செட்டிங்ஸ்ல ஏதாவது மாத்தினீங்களா சார்?"

"நான் எதுக்கும்மா மாத்தப் போறேன்? முப்பது வருசமா கரண்ட்ல கை வச்சிக்கினு இருக்கறவன் நானு!"

பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. போனை வைத்துவிட்டு, டவர்தான் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். மொய்க் கவர் ஒன்றின் பின்பக்கத்தில், ‘எங்கள் பகுதியில் நெட் வராததால் பெரிதும் அவதிப்படுகிறோம்’ என்று எழுதி, முதல் ஆளாகத் தானே கையெழுத்துப் போட்டார். பிறகு மண்டபம் முழுக்கச் சுற்றி, நெட் வராத பத்தொன்பது பேரிடம் வாங்கினார். இருபத்தோராவது கையெழுத்துக்காக மணமகள் அறைக் கதவைத் தட்டினார்.

பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த ஷாரோன் கதவைத் திறந்தாள்.

"உனக்கும் நெட்டு இல்லதானேம்மா? இதுல ஒரு கையெழுத்து போடு."

"எனக்கு நல்லா வருதேண்ணா," என்று கவரை வாங்கிப் படித்தாள். "இவங்க எல்லாருக்கும் ஒரே கம்பெனி சிம்மா?"

"அது எப்படி? ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்காங்க."

"அப்புறம் எப்படிண்ணா எல்லா டவரும் ஒண்ணா போவும்? போனைக் குடுங்க." அவள் கணவனுக்கு செல்போன் கடை. இந்த மாதிரி போன்களை அவளும் நிறையப் பார்த்திருக்கிறாள். மை ஒட்டிய விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். "பிரைவேட் டிஎன்எஸ் சர்வர் கிடைக்கலன்னு போட்டிருக்குது பாருங்க. இந்த அட்ரஸ யாரு போட்டது?"

ராஜவேலு அந்த முகவரியைப் பார்த்தார். தன் விரலால் புள்ளி புள்ளியாக அடித்தது அப்படியே நின்றது.

"நாம ஒரு சைட்டுப் பேரச் சொன்னா, அது எங்க இருக்குதுன்னு போன் யாரையாவது கேக்கும்ணா. இவங்கள மட்டுந்தான் கேக்கணும்னு எழுதி வச்சிருக்குது. இவங்க இன்னிக்கிக் கடையை மூடிட்டாங்க போல. உங்க போன் வேற யாரையும் கேக்காம நின்னுக்கினு இருக்குது." ‘ஆட்டோமேட்டிக்’ என்ற இடத்தைத் தொட்டுக் கொடுத்தாள்.

போன் தொடர்ந்து கிணுகிணுத்தது. அறுபத்து மூன்று காலை வணக்கங்கள் வந்து இறங்கின. ராஜவேலு சிரித்தார். கையிலிருந்த கவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அந்தப் பத்தொன்பது பேரில், தை மாதம் அவர் போனை வாங்கிக் கை வைக்காத ஆள் ஒருவர்கூட இல்லை.

கவரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சமையல் கூடத்துக்கு நடந்தார். கலியன் போனை வாங்கிச் சரி செய்தார். "உன் கை பட்டாப் போதும்பா!" என்று கலியன் ஒரு வடை கொடுத்தார். ராஜவேலு வடையையும் பாராட்டையும் மென்று விழுங்கினார். வசந்த் கையெடுத்துக் கும்பிட்டான். தவில்காரரிடம் போனபோது, "டவர்க்காரங்களப் புடிச்சி ஒரு ஏறு ஏறினேன், உட்டுட்டானுங்க" என்று சொல்லும் அளவுக்கு ஐயாவுக்குத் தெம்பு வந்திருந்தது.

ஆறாவது ஆள் பூவம்மாள். மாலை கட்டியபடியே அவர் விரல் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தையில என்னாத்தையோ அடிச்சியே, இதே எடத்துலதானே?"

"அது வேற, இது வேற."

"இன்னா வேற? நெட்டு போனவங்க எல்லாம் நீ போன வாங்கி நோண்டினவங்கதானே?"

ராஜவேலு சுற்றுமுற்றும் பார்த்தார். காது சுட்டது. ஆனாலும் அவள் முகத்துக்கு நேரே இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"ஆமாம்மா. நான்தான்."

பூவம்மாள் சிரித்த சிரிப்பில் பாதி கட்டிய மாலை மடியிலிருந்து நழுவியது. அவர் போவதற்குள் செய்தி சமையல் கூடத்துக்குப் போய்விட்டது. சாம்பாரில் உப்பு குறைந்ததற்குக்கூட, "ராஜவேலு கை வச்சிருப்பாரு" என்றார் கலியன். ராஜவேலு மிச்சம் இருந்தவர்களிடம், "தப்பு என்னுதுப்பா" என்று சொல்லிச் சொல்லியே சரி செய்து கொடுத்தார். சொல்லச் சொல்ல அது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

பதினோரு மணிக்குத்தான் செல்லியம்மாள் நினைவு வந்தது. இரண்டு நாளாக அவள் தென்னேரியில் தங்கை வீட்டில் இருந்தாள். போன் செய்து, "செட்டிங்ஸ் உள்ள போ" என்றார்.

"காதுல வச்சிக்கினு இருக்கேன், எப்படிங்க போறது?"

ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். அவள் வேறெதையோ அழுத்தி இரண்டு முறை இணைப்பைத் துண்டித்தாள். மூன்றாம் முறை, "உடுங்க, நாளன்னிக்கி வந்து பாத்துக்கலாம்" என்றாள்.

ராஜவேலுவால் அதை அப்படி விட முடியவில்லை. பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறினார்.

தென்னேரியில் வாசலில் அவரைக் கண்டதும் செல்லியம்மாளின் முகம் மலர்ந்தது. "நெட்டுக்குன்னு யாராவது பஸ் ஏறி வருவாங்களா? ரெண்டு நாளுக்கே தேடிக்கினு வந்துட்டாரு பாரு," என்று உள்ளே பார்த்துத் தங்கையிடம் சொன்னாள். ராஜவேலு வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஏரி மீன் குழம்பு ஊற்றினார்கள். போன் கைக்கெட்டும் தூரத்தில் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. அவர் அந்தப் பக்கமே திரும்பாமல் சாப்பிட்டார். அவள் இன்னும் கொஞ்சம் சோறு எடுக்க உள்ளே போனபோது எட்டி எடுத்து, இடது கை விரலால் ‘ஆட்டோமேட்டிக்’கை அழுத்தி, கிடந்த இடத்திலேயே வைத்தார்.