ரத்தம் வந்தால் ஆக்ஸிடெண்ட்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி கடந்து முடிக்கும்வரை நின்றுகொண்டே வார்த்தைகளை மனப்பாடம் செய்தவள் நான். தமிழ் மீடியத்தில் படித்து, தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்து, எர்ணாவூர்ப் பக்கம் ஒரு இரும்பு யார்டில் சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் மாதமே இரண்டு வார்த்தைகள் என் பொறுமையைச் சோதித்தன.

ஆக்ஸிடெண்ட், இன்சிடெண்ட். யார்டில் எல்லோரும் இரண்டையும் போட்டுக் குழப்பினார்கள். கிரேன் கொக்கி காற்றில் ஆடினாலும் ஆக்ஸிடெண்ட், காலில் கம்பி விழுந்தாலும் ஆக்ஸிடெண்ட். பாடப்புத்தகத்தில் விஷயம் தெளிவாக இருக்கிறது. நடக்கக்கூடாத எது நடந்தாலும் அது இன்சிடெண்ட். அப்படி நடந்ததில் யாருக்காவது அடிபட்டிருந்தால் அது ஆக்ஸிடெண்ட். முதலாவது பெரிய கூடை, இரண்டாவது அந்தக் கூடைக்குள்ளேயே கிடப்பது.

இதைத் தமிழில் சொல்லிப் புரியவைக்கலாம் என்று பார்த்தால், இன்சிடெண்டுக்குச் சம்பவம் என்றுதான் வருகிறது. எங்கள் பக்கம் சம்பவம் என்றால் யாரோ யாரையோ போட்டுத்தள்ளிவிட்டார்கள் என்று பொருள். "எந்தச் சம்பவம் நடந்தாலும் உடனே எங்கிட்ட வந்து சொல்லணும்" என்று முதல் நாள் நான் கண்டிப்பாகச் சொன்னதற்கு யார்டே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ராத்திரி சாப்பிடும்போதுகூட அதையே யோசித்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்திப் பேசும் அந்தப் பத்து நிமிஷத்தில் அதை எடுத்துவிட்டேன்.

"ரத்தம் வந்தா ஆக்ஸிடெண்ட். வரலன்னா இன்சிடெண்ட். அவ்ளோதான்."

கைதட்டினார்கள். அடுத்த வாரமே ஒருவர் வந்து, "மேடம், சங்கிலி அறுந்துச்சி, யாருக்கும் ரத்தம் வர்ல, இன்சிடெண்டு எழுதிக்கோ" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வருஷக்கணக்கில் படித்ததை நாலு வார்த்தையில் அடக்கிவிட்டேன் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிக் காதைப் புண்ணாக்கினேன்.

யார்டு வாசலில் ஒரு பலகை உண்டு. 'விபத்தின்றிக் கடந்த நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே எண்கள் எழுதிய தகடுகளைக் கொக்கியில் மாட்டியிருப்போம். தினமும் காலையில் கடைசித் தகட்டை மாற்றுவது என் வேலை. இன்சிடெண்ட் எத்தனை நடந்தாலும் எண் ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு ஆக்ஸிடெண்ட் நடந்தால் பூஜ்யம். முன்னூறு நாளைத் தொட்டால் நிரந்தர ஆள், காண்டிராக்ட் ஆள் என்ற வித்தியாசம் இல்லாமல் ஆளுக்கொரு பிரஷர் குக்கர் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. குக்கர்கள் முன்கூட்டியே வந்து ஸ்டோர் ரூமில் கூரை வரை அடுக்கியிருந்தன. ஆட்கள் டீ குடிக்கப் போகும்போது ஸ்டோர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

பலகையில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு இருந்த நாள் அது.

காலை பத்து மணி இருக்கும். கிரேனில் சங்கிலி மாட்டும் கலாசி ஒருவர் என் அறைக்கு வந்தார். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். கடலில் வருமானம் போதாமல், ஐந்தாறு வருஷமாகக் காண்டிராக்டில் இங்கே வேலை செய்கிறவர். அவர் மனைவி எங்கள் வாசலுக்கு எதிரிலேயே மீன் விற்கிறார். அன்று சாத்தாங்காட்டிலிருந்து வந்த இரும்புத் தகடுகளை மரக்கட்டைகளின் மேல் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், ஒரு இன்சிடெண்டு. ப்ளேட்டு எறங்கசொல்லோ கட்டையாண்ட கை மாட்டிகிச்சி. ரத்தம்லாம் ஒண்ணியும் வர்ல."

வலது கையிலிருந்த தோல் உறையைக் கழற்றச் சொன்னேன். மெதுவாகக் கழற்றிக் காட்டினார். சிவந்திருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"வலிக்குதாண்ணா?"

"லைட்டா. அத்த வுடு மேடம், ரெண்டே நாளு கீது."

ரிஜிஸ்டரில் எழுதினேன். 'இன்சிடெண்ட். தகடு இறக்கும்போது கை கட்டையில் பட்டது. காயம் இல்லை.' கையெழுத்துப் போட நோட்டை நீட்டினேன். அவர் பேனாவை இடது கையில் வாங்கிக் கோணல்மாணலாகக் கிறுக்கினார். அவர் எப்போதும் அழகாகக் கையெழுத்துப் போடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். இப்போது நான் நல்லவள் வேஷம் போட விரும்பவில்லை. இடது கையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நோட்டை மூடினேன். என் பங்குக் குக்கரும் அந்த அடுக்கில் இருந்தது.

மதியம் வாசலுக்கு வெளியே வந்தேன். கலாசி தன் மனைவியின் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவருடைய வலது கை, மீனுக்காக வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் மணிக்கட்டு வரை புதைந்திருந்தது. என்னைக் கண்டதும் கையை வெளியே எடுத்தார். கை பூரி மாதிரி உப்பியிருந்தது. முகம் வெளிறியிருந்தது.

அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"இன்னாம்மா எழ்தின? காயம் இல்லன்னா எழ்தின? வெரலு மடங்கலம்மா. உள்ளாற எலும்பு போய்கீது."

"யம்மே, நீ சும்மா கெட" என்றார் அவர். "மேடம் சொன்னதுதான? ரத்தம் வந்தாத்தான் ஆக்ஸிடெண்டு. எனுக்கு வர்லியே. அல்லாரும் குக்கரு குக்கருன்னு கீறானுங்கோ. என்னால பூடுச்சின்னா நாளைக்கு எவன் மூஞ்சில முழிக்கறது?"

"குக்கரு வந்தா சோத்த வாயில அள்ளிப்போட அதுக்குக் கை மொளைக்குமா?" என்று மனைவி அவரிடம் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "இவரு கை போச்சின்னா காண்டிராக்டு நாளைக்கே வேற ஆளப் போட்டுடுவான். அப்ப நீ வந்து கேப்பியா?"

என் சூத்திரத்தை என்னிடமே ஒப்பிக்கிறார் மனிதர். அதுவும் என்னைக் குற்றம் சொல்ல அல்ல, எனக்கு ஆதரவாக. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆட்டோவை நிறுத்தி மூவரும் ஏறினோம்.

தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்ததில் உள்ளங்கையில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. கட்டு போட்டார்கள். கவுண்டரில் இருந்த அம்மா, வேலையில் அடிபட்டதா என்று கேட்டுவிட்டு ஆக்ஸிடெண்ட் ரிப்போர்ட் கேட்டார். அது இல்லாவிட்டால் கை சேரும்வரை வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் கிடைக்காது. விரல்கள் பழையபடி மடங்காமல் போனால் இழப்பீடும் கிடையாது. நான் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்த ரிஜிஸ்டர் பக்கத்தைக் காட்டினேன். "இதுல காயமே இல்லன்னு போட்டிருக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். எழுதியது யார் என்று கேட்கவில்லை.

நாலு மணிக்கு யார்டுக்குத் திரும்பினேன். மேனேஜர் அறையில் போய், பதிவை மாற்ற வேண்டும் என்றேன். அவரும் நன்றாகப் படித்தவர்தான். கோபப்படவில்லை, சிரித்தார்.

"எதுக்கும்மா மாத்தணும்? எல்லா ஆக்ஸிடெண்ட்டும் இன்சிடெண்ட்தானே. நீ எழுதினது பொய் இல்லையே. டிக்‌ஷனரிய எடுத்துப் பாரு. அவருக்கு ஏதாவது கைச்செலவுக்குக் கொடுத்துடலாம்."

சொன்னது அகராதிப்படி சரி. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. பெரிய வார்த்தையை மேலே போர்த்தினால் உள்ளே முறிந்த எலும்பு தெரியாது. அந்த வித்தியாசத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் வாசலில் மீன் வாங்கிப் பழகியவள் நான்.

"வஞ்சிரமும் மீன்தான் சார், நெத்திலியும் மீன்தான். நீங்க வஞ்சிரம் கேட்டு, அந்தக்கா நெத்திலியக் கட்டிக் கொடுத்து, இதுவும் மீன்தானேன்னா வாங்கிட்டுப் போவீங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். இன்னும் இரண்டு நாள் பொறுத்து எழுதலாமே என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றேன். 'காயம் இல்லை' என்று எழுதியதில் உள்ள என் கையெழுத்து பொய், அதை நானே அடிக்கப்போகிறேன், அதற்கு என் மேல் நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இருக்கட்டும். அவர் எதிரிலேயே பழைய பதிவின் குறுக்கே கோடு போட்டு, ஆக்ஸிடெண்ட் படிவத்தை எடுத்து எலும்பு எலும்பாக எழுதினேன். பேப்பரை முழுசாகப் படித்துவிட்டு அவரும் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். மணி ஐந்து. ஷிஃப்டு முடிந்து மொத்தக் கூட்டமும் வெளியே வந்துகொண்டிருந்தது. அவர்கள் கண் எதிரில் மூன்று தகடுகளையும் கழற்றிவிட்டு, பூஜ்யத்தை மாட்டினேன்.

"இன்னா மேடம், ரெண்டு நாளு தாங்காதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்த அண்ணனுக்குக் கை தாங்கலியே" என்றேன், திரும்பாமல். ஸ்டூலுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலைப் பேச்சுக்கு வழக்கத்தைவிடச் சத்தமாகவே ஆரம்பித்தேன். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று முதலில் சொன்னேன். என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வருவது அபூர்வம், எங்கள் வீட்டாரைக் கேட்டால் தெரியும்.

"ரத்தத்தை மறந்துடுங்க. வீட்டுக்குப் போய் உக்காந்து, எப்பவும் போல சாப்பிட முடியுதா, நடக்க முடியுதா, தூங்க முடியுதா? முடியலன்னா அது ஆக்ஸிடெண்ட். ரத்தம் வந்துச்சா இல்லியான்னு நான் இனிமே கேக்க மாட்டேன். குக்கர் போச்சு. இனிமே மறைக்கறதுக்கு யாருக்கும் காரணம் இல்ல. புரியாதவங்க கையைத் தூக்குங்க."

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. வெல்டர் ஒருவர்.

"புரிஞ்சிச்சி மேடம். போன மழைக்கு முன்னாடி ஏணிலேந்து வுழுந்தேன். ரத்தம் வர்ல. அன்னிலேந்து இந்தப் பக்கமா படுக்க முடியல. அது இன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு கை. கிரைண்டர் ஓட்டுகிறவர். ஒரு காதில் ஆறு மாதமாக ஒரே இரைச்சல் என்றார். தினமும் காலையில் நான் கையால் ஏற்றிய எண்கள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவுக்கு வந்தன. பேனா மூடியைக் கழற்றிவிட்டு அங்கேயே, இரும்புத் தகடுகளின் மேல் ரிஜிஸ்டரைப் பிரித்து வைத்தேன்.

"எழுதறேண்ணா. ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன்.

மூன்றாவது ஆள் வரிசையிலிருந்து முன்னால் வந்தார். தரையில் உட்கார்ந்து ஒரு காலின் பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.