மலருக்கு ஆறரை வயது

ஒரு சிறுமியை மந்தபுத்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தவறென்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை. ஆமாம், நான்தான்!

உளவியல் படித்து முடித்து, திருமானூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்த புதிது. சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள், படங்கள், நேரம் பார்க்கும் கடிகாரம்... அந்தப் பெட்டியைத் திறந்தாலே எனக்குத் தலைகால் புரியாது! ஒரு பிள்ளையின் மூளையை ஒரே எண்ணில் சொல்லிவிடலாமே! என்ன கர்வம் எனக்கு!

மலர் மூன்றாம் வகுப்பு. பதிவேட்டில் எட்டு வயது. கட்டைகளை ஆசையாக அடுக்கினாள், பாதியில் திணறினாள். எட்டு வயதுக்கான அட்டவணையைப் பார்த்தேன். மதிப்பெண் அடிமட்டத்தில் கிடந்தது. நான் கண்டுபிடித்த முதல் மந்தபுத்திக் குழந்தை! உங்களிடம் மறைப்பானேன்... துள்ளிக் குதித்தேன். அன்றே அறிக்கை கொடுத்தேன். தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார்.

மறுநாள் அவள் அம்மா வந்தாள்.

“டீச்சர், அவளுக்கு இப்பதாங்க ஆறரை. நாங்க கரும்பு வெட்டப் போயிட்டா வூட்டுல பாத்துக்க ஆளில்ல. அக்காகூடயே போவட்டும்னு வயசக் கூட்டிச் சேத்துட்டோம்.”

இந்தச் சோதனையில் வயதுதான் அளவுகோல். அதே விடைகளுக்கு ஆறரை வயதில் ஓர் எண், எட்டு வயதில் வேறோர் எண். எங்கள் பக்கம் வயதைக் கூட்டிச் சேர்ப்பது எனக்குத் தெரியாததா? என்னையே அப்படித்தான் சேர்த்தார்கள்! கேட்டிருக்க வேண்டாமா?

அந்த அம்மா போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஆறரைக்குக் கணக்கிட்டேன். மலர் கெட்டிக்காரி! திருத்தி எழுத ஒரு தாள் போதும்... பாராட்டியவரின் முகம் நினைவுக்கு வந்தது. பதிவேட்டில் உள்ளதுதான் வயது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழை!

மலரைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். பிறகு அவளை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இப்போது புதிதாக வருபவர்களுக்கு நான்தான் பயிற்சி தருகிறேன். முதலில் உண்மையான வயதைக் கேளுங்கள் என்று மேசையைத் தட்டுகிறேன்! எங்கே கற்றேன் என்று மட்டும் சொல்வதில்லை.

போன வாரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மலரையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். மலர் நன்றாக வளர்ந்திருந்தாள்.

“திருமானூர் பஸ் எதுன்னு போர்டப் படிச்சுச் சொல்லு,” என்றாள் அம்மா.

மலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எனக்குப் படிப்பு வராதும்மா. டீச்சர்தான் அப்பவே சொல்லிட்டாங்கல்ல.” சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அம்மா என்னைக் கண்டதும் கும்பிட்டாள். “நீங்க சொன்னதுலேருந்து படி படின்னு இவள அடிக்கிறதே இல்லைங்க, டீச்சர்!”

வாயைத் திறந்தேன்...

“பஸ் வந்துடுச்சு, ஏறுங்க,” என்றேன்.